விதை எண்ணெய்களை ஐதரசனேற்றம் செய்தல்: நிபந்தனைகளை எந்த ஒழுங்கில் சரிப்படுத்துவது

ஒரு லீற்றருக்குள் அடங்கும் அமுக்கக் கலன், நிக்கல் ஊக்கி, ஒரு ஐதரசன் சிலிண்டர், இவற்றை வைத்துக்கொண்டு தாவர எண்ணெயை ஐதரசனேற்றம் செய்யப் போகிறவர்களுக்காக (அதாவது எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளில் ஐதரசனைச் சேர்த்துக் கட்டியாக்கப் போகிறவர்களுக்காக) இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டு ஆய்வுக்காக இதை எடுக்கும் மாணவர்களும், சவர்க்காரம் அல்லது மெழுகுதிரிக்கு உள்ளூர் எண்ணெயைக் கட்டியாக்கப் பார்க்கிற சிறு உற்பத்தியாளர்களும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எல்லோரும் முதல் நாளே வெப்பநிலையில் கை வைக்கிறார்கள். வெப்பநிலை கடைசியில் வரவேண்டியது. எண்ணெய் சுத்தமா, கலக்கி போதுமான அளவு வாயுவை எண்ணெய்க்குள் இழுக்கிறதா என்ற இரண்டும் தெரியாமல் வெப்பநிலையையும் அமுக்கத்தையும் மாற்றிப் பெறும் எண்கள் அந்தக் கலக்கியைப் பற்றிய எண்கள்தான், தாக்கத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

1. இலக்கை எண்ணாக எழுதுங்கள்

"எண்ணெய் கட்டியாக வேண்டும்" என்பது இலக்கு ஆகாது. அயடீன் எண் (100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயடீனைப் பிடிக்கும் என்பது, இரட்டைப் பிணைப்புகளின் அளவைக் காட்டும்) எவ்வளவில் நிற்க வேண்டும், உருகுநிலை என்ன, டிரான்ஸ் கொழுப்பமிலம் (இயற்கையான சிஸ் வடிவம் திரும்பிய இரட்டைப் பிணைப்பு உள்ளது) எத்தனை வீதத்தைத் தாண்டக் கூடாது என்ற மூன்றையும் கொப்பியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். காரணம், இவை ஒன்றையொன்று இழுக்கும். தியரிக் அமிலம் (இரட்டைப் பிணைப்பே இல்லாதது) கூடாமல் லினோலெயிக் அமிலத்தை (இரண்டு உள்ளது) மட்டும் குறைக்கும் நிபந்தனைகளே டிரான்ஸைக் கூட்டும் நிபந்தனைகளும்.

உணவுக்கென்றால் பாதியில் நிறுத்தும் ஐதரசனேற்றத்தை மறந்துவிடுங்கள். 2023க்குள் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்து அகற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் கேட்டது. பகுதி ஐதரசனேற்றிய எண்ணெய் இனிப் பாதுகாப்பானதாகக் கருதப்படாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015 இலேயே முடிவு செய்துவிட்டது. உணவுக்கு ஒரே நல்ல வழி, அயடீன் எண் 2, 3க்கு வரும்வரை முழுமையாக ஐதரசனேற்றி, பிறகு திரவ எண்ணெயுடன் கலப்பது. இரட்டைப் பிணைப்பே மிஞ்சாதபோது டிரான்ஸும் மிஞ்சாது. சவர்க்காரம், மெழுகு, மசகு என்றால் உங்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருக்கிறது.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஐதரசன், நைதரசன் சிலிண்டர்கள் இரண்டும் வேண்டும். கொழும்பிலிருந்து எடுப்பிப்பதென்றால் தேவையான அளவை இப்போதே கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ எண்ணெயின் அயடீன் எண் 1 குறைய சுமார் 0.039 மோல் ஐதரசன் போகும், நம் அறை வெப்பநிலையில் அது ஏறக்குறைய 1 லீற்றர். 500 கிராம் சூரியகாந்தி எண்ணெயை 130 இலிருந்து 90க்குக் கொண்டுவர 20 லீற்றர் அளவில் செலவாகும். கலனைக் கழுவும் வாயுவும் கசிவுச் சோதனையும் அதற்கு மேல்.

ஐதரசன் ரெகுலேற்றரின் புரி இடப்பக்கம் சுற்றும். வேறு வாயுவின் ரெகுலேற்றரை எதையாவது வைத்துப் பொருத்தப் பார்க்காதீர்கள். கலனிலிருந்து வெளியேறும் வாயுக்குழாய் கட்டடத்துக்கு வெளியே, கூரைக்கு மேல் போக வேண்டும். காற்றில் ஐதரசன் 4 வீதத்திலிருந்து 75 வீதம் வரை இருந்தால் பற்றும், பற்றுவதற்கு மிகச் சிறிய பொறியே போதும், சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது.

அயடீன் எண்ணை அளக்க வைஸ் கரைசல் (அயடீன் மொனோகுளோரைட்டுக் கரைசல்), தயோசல்பேற்று, மாப்பொருள் கரைசல். ஓட்டத்தின் (ஒரு தடவை செய்யும் ஐதரசனேற்றத்தின்) நடுவே விரைவாகப் பார்க்க, 60 பாகை செல்சியஸில் வைக்கக்கூடிய முறிவுச்சுட்டிமானி. டிரான்ஸை அளக்க அகச்சிவப்பு நிறமாலைமானி இருந்தால் 966 அலையெண்ணில் பார்க்கலாம். வாயு நிறப்பகுப்பு வசதி கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் சிஸ், டிரான்ஸைப் பிரிக்க நீளமான, முனைவுத்தன்மை கூடிய நிரல் வேண்டும், சாதாரண நிரலில் இரண்டும் ஒரே உச்சிக்குள் ஒளிந்துவிடும்.

கரண்ட் நின்றால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். கலக்கி நிற்கும், சூடு நிற்கும், ஆனால் கலனுக்குள் ஐதரசன் இருக்கும். ஐதரசன் வால்வை மூடுவது, அமுக்கத்தை வெளியே விடுவது, நைதரசனை விடுவது, இந்த ஒழுங்கை ஒரு தாளில் எழுதிக் கலனுக்கு அருகே ஒட்டுங்கள். நைதரசன் மின்சாரமில்லாமல் கையால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

3. எந்த எண்ணெயில் தொடங்குவது

கடையில் வாங்கிய சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயில் தொடங்குங்கள். அயடீன் எண் உயரம், பிசின் இல்லை, கலனைப் பற்றியும் கலக்கியைப் பற்றியும் படிக்க இதைவிடத் தோதான எண்ணெய் இல்லை. கலனைப் புரிந்துகொண்ட பிறகு இலுப்பெண்ணெய்க்குப் போகலாம். அதன் அயடீன் எண் 60ஐ ஒட்டியே இருப்பதால் குறைந்த ஐதரசனில் கட்டியாகும், சவர்க்காரத்துக்குப் பொருந்தும்.

வேப்பெண்ணெய் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது, மலிவு, அதனால் பலர் அதையே முதலில் எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதன் உள்ளி போன்ற மணம் கந்தகச் சேர்மங்களிலிருந்து வருகிறது. கந்தகம் நிக்கலின் மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டால் விடாது. மணிக்கணக்காகச் சூடாக்கியும் ஒன்றும் நடக்கவில்லை என்று வெப்பநிலையை ஏற்றுகிறார்கள், ஊக்கியைக் கூட்டுகிறார்கள், மிஞ்சுவது கறுத்த எண்ணெய். அரைகுறையாக நஞ்சேறிய நிக்கல் இன்னும் மோசம், அது வேலை செய்வதுபோல் இருக்கும், ஆனால் டிரான்ஸைக் கூட்டிவிடும். கடுகெண்ணெயிலும் இதே சிக்கல் உண்டு.

ஆமணக்கெண்ணெய் தனி விஷயம். அதன் ஐதரொட்சில் கூட்டம்தான் அதன் பெறுமதி, வெப்பநிலை ஏறினால் அது கழன்று போகும். 150 பாகைக்கு மேல் போகாமல், அமுக்கத்தைக் கூட்டி வேலையை முடியுங்கள். நல்லெண்ணெயை இதற்குள் போடக் காரணம் ஒன்றும் இல்லை.

4. எண்ணெயைச் சுத்தமாக்குதல்

செக்கில் ஆட்டிய எண்ணெயை நேரே கலனுக்குள் ஊற்ற முடியாது. பிசின் ஊக்கியின் நுண்துளைகளை மூடும். சுயாதீன கொழுப்பமிலம் நிக்கலைக் கரைத்து நிக்கல் சவர்க்காரமாக்கும், அதை வடிகட்டியால் பிடிக்க முடியாது. ஈரமும் ஊக்கியைக் கெடுக்கும்.

ஒழுங்கு இதுதான். எண்ணெயை 70 - 80 பாகைக்குச் சூடாக்கி 0.1 வீதமளவு பொசுபோரிக் அமிலம், பிறகு 2 - 3 வீதம் தண்ணீர் சேர்த்து மெதுவாகக் கலக்கிப் பிசினைப் படியவிடுங்கள். அடுத்து சுயாதீன அமிலத்தை அளந்து (ஒலெயிக் அமிலமாகக் கணக்கிட்டால் ஒவ்வொரு கிராமுக்கும் 0.142 கிராம் கோஸ்டிக் சோடா, அதற்கு மேல் சிறிது) நடுநிலையாக்குங்கள். சவர்க்காரம் படிந்ததும் பிரித்தெடுத்து, சுடுதண்ணீரால் இரண்டு மூன்று தரம் வடிவாகக் கழுவுங்கள்.

இந்தக் கழுவலில்தான் யாழ்ப்பாணத்துக்கே உரிய பிழை நடக்கிறது. கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள். சுண்ணாம்புக்கல் நிலத்து நீர் எவ்வளவு வன்மையானது என்பதைக் கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையே காட்டும். அந்தக் கல்சியம் மிஞ்சியிருக்கும் சோடியம் சவர்க்காரத்தைக் கல்சியம் சவர்க்காரமாக மாற்றும். சோடியம் சவர்க்காரம் தண்ணீரோடு போகும், கல்சியம் சவர்க்காரம் எண்ணெயிலேயே தங்கும். எத்தனை தரம் கழுவினாலும் பயனில்லை, அது நேரே போய் ஊக்கியில் உட்காரும். காய்ச்சி வடித்த நீர் அல்லது அயனகற்றிய நீர் மட்டும்.

பிறகு வெற்றிடத்தில் 90 - 100 பாகையில் உலர்த்தி, 1 - 2 வீதம் வெளிற்றும் களியோடு அதே வெற்றிடத்தில் அரை மணித்தியாலம் வைத்து வடியுங்கள். கடைசியில் சுயாதீன அமிலம் 0.1 வீதத்துக்குக் கீழே, ஈரம் 0.05 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

முழு ஆய்வுக்கும் தேவையான எண்ணெயை ஒரே தடவையில் சுத்தமாக்கி, நைதரசன் விட்டு மூடி, இருட்டில் வையுங்கள். இரண்டு தொகுதி எண்ணெயில் செய்த ஓட்டங்களை ஒப்பிட முடியாது.

5. ஊக்கியின் அளவு

வணிக நிக்கல் ஊக்கி கெட்டிக் கொழுப்புக்குள் பொதிந்த சிறு வில்லைகளாக வரும். அதில் நிக்கல் ஏறக்குறைய கால்வாசிதான். ஆய்வுக் கட்டுரைகளில் "0.1 வீதம்" என்று இருப்பது பெரும்பாலும் நிக்கலின் வீதம், வில்லையின் வீதம் இல்லை. 500 கிராம் எண்ணெய்க்கு 0.1 வீத நிக்கல் என்றால் 0.5 கிராம் நிக்கல். 22 வீத நிக்கல் உள்ள வில்லையில் அது 2.27 கிராம். இதைக் கவனிக்காதவர்கள் நான்கில் ஒரு பங்கு ஊக்கியைப் போட்டுவிட்டு, தாக்கம் மந்தம் என்று எழுதுகிறார்கள்.

நிபந்தனைகளைத் தேடும் காலம் முழுவதும் ஒவ்வொரு தடவையும் புது ஊக்கி. மீளப் பயன்படுத்துவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

6. கசிவும் காற்றும்

முதலில் நைதரசனால், வேலை செய்யப் போகும் அமுக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, ஆனால் கலனின் எல்லைக்கு உட்பட்டு நிரப்பி அரை மணித்தியாலம் பாருங்கள். முள் இறங்கினால் ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்காரக் குமிழி வைத்துப் பாருங்கள். கலக்கித் தண்டின் அடைப்பைக் கடைசியாகப் பார்க்கிறார்கள், பெரும்பாலும் கசிவு அங்கேதான்.

பிறகு காற்றை அகற்றுதல். நைதரசனை 3 பார் வரை ஏற்றி வெளியே விட்டால் உள்ளே இருந்த ஒட்சிசன் நான்கில் ஒன்றாகும். மூன்று தரம் செய்தால் 21 வீதம் 0.33 வீதத்துக்கு வரும், நான்காவதும் செய்யுங்கள். இந்தக் கணக்கில் மானி காட்டும் 3 பார் என்பது உண்மையில் தனி அமுக்கம் (வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்தது) 4 பார். மானி அமுக்கத்தையும் தனி அமுக்கத்தையும் குழப்புவது, குறைந்த அமுக்கத்தில் செய்யும் ஓட்டங்களைத்தான் கூடுதலாகக் கெடுக்கும். 1 பாருக்கும் 2 பாருக்கும் இடையில் உள்ளது இரு மடங்கு.

7. பூச்சிய நேரம்

ஐதரசனோடு சூடாக்காதீர்கள். நிக்கல் 120 பாகையை அண்டும்போதே வேலையைத் தொடங்கிவிடும், நீங்கள் 180 என்று எழுதியிருக்கும் ஓட்டத்தில் நல்ல பங்கு அதற்குக் கீழேயே நடந்து முடிந்திருக்கும்.

எண்ணெயும் ஊக்கியும் நைதரசனுக்குள், கலக்கி மெதுவாகச் சுழல, குறித்த வெப்பநிலைக்கு வரட்டும். வந்ததும் கலக்கியை நிறுத்துங்கள். நைதரசனை வெளியே விட்டு, ஐதரசனால் மூன்று தரம் நிரப்பி வெளியேற்றி, பிறகு தேவையான அமுக்கத்துக்கு ஏற்றுங்கள். கலக்கியை முழு வேகத்தில் போடும் கணம்தான் பூச்சிய நேரம். வாயு மேலே நிற்கும்போது எண்ணெய்க்குள் மிகக் கொஞ்சமே கரையும், அதனால் இந்த முறையில் தொடக்கம் தெளிவாக இருக்கும்.

அந்தக் கணத்திலிருந்து சூடு தானாக வரும். அயடீன் எண் 1 குறைய எண்ணெயின் வெப்பநிலை சுமார் 1.6 - 1.7 பாகை ஏறும். 40 குறைந்தால், குளிர்விக்காவிட்டால், 65 பாகைக்கு மேல். ஆகவே சூடாக்கியைக் குறைத்து, குளிர்நீர்ச் சுருளைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கலக்கியைப் போட வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் வெப்பநிலை 15 பாகை தாண்டிப் போன ஓட்டத்தை "160 பாகை" என்று அட்டவணையில் போடக் கூடாது. (அந்தச் சுருளுக்கும் கிணற்றுத் தண்ணீர் கூடாது, உள்ளே சுண்ணாம்பு பிடித்து மாதம் செல்லச் செல்லக் குளிர்விப்பு குறையும்.)

எவ்வளவு ஐதரசன் போயிருக்கிறது என்பதை ஓட்டம் நடக்கும்போதே பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ரெகுலேற்றருக்கு முன்னால் 1 லீற்றர் கொள்ளளவுள்ள சிறு தொட்டி ஒன்றைப் பொருத்தி, பெரிய சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, அந்தத் தொட்டியிலிருந்து மட்டும் ஊட்டுங்கள். 30 பாகையில் 1 லீற்றர் தொட்டியில் 1 பார் இறங்கினால் போனது 0.04 மோல். ஒரு கிலோ எண்ணெய்க்கு அது அயடீன் எண் 1, 500 கிராமுக்கு 2. நமது அறை வெப்பநிலைக்குக் கணக்கு இவ்வளவு சுலபமாக அமைகிறது. ஒவ்வொரு நிமிடமும் மானியைக் குறித்தால் தாக்கவீத வளைகோடு கையில். இடையிடையே மாதிரி எடுத்து முறிவுச்சுட்டியால் சரிபாருங்கள். மாதிரிக் குழாயில் தேங்கியிருக்கும் பழைய எண்ணெயை முதலில் வடித்துக் கொட்டிவிட்டு எடுக்க வேண்டும்.

8. கலக்கி: அவசரப்படக் கூடாத இடம்

ஐதரசன் ஊக்கியை அடைய வாயுவிலிருந்து எண்ணெய்க்குள் கரைந்து, எண்ணெய் வழியே ஊக்கித் துணிக்கைக்கு வந்து, அதன் துளைகளுக்குள் புக வேண்டும். எண்ணெயில் ஐதரசன் கரைவது மிகக் குறைவு என்பதால் முதற்படியே பெரும்பாலும் முட்டுக்கட்டை. அந்த நிலையில் நீங்கள் வெப்பநிலையை ஏற்றினாலும் தாக்கவீதம் ஏறாது, ஊக்கியை இரட்டிப்பாக்கினாலும் ஏறாது. "ஊக்கி அளவுக்கு விளைவு இல்லை" என்று முடிவு எழுதிய ஆய்வேடுகள் பல, கலக்கி போதவில்லை என்பதைத்தான் வேறு சொற்களில் சொல்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க, ஒரே வெப்பநிலை, ஒரே அமுக்கம், ஒரே ஊக்கியளவில் கலக்கி வேகத்தை மட்டும் மாற்றுங்கள், உதாரணமாக நிமிடத்துக்கு 400, 700, 1000, 1300 சுற்று. தொடக்கத் தாக்கவீதம் ஏறிக்கொண்டே போனால் நீங்கள் இன்னும் வாயுக் கரைவுக்குள் மாட்டியிருக்கிறீர்கள். எங்கே தட்டையாகிறதோ அதற்குச் சற்று மேலே வேகத்தை நிறுத்தி, பிறகு அதைத் தொடாதீர்கள். இந்தச் சோதனையை நீங்கள் பாவிக்கப் போகும் மிக உயர்ந்த வெப்பநிலையிலும் மிகக் கூடிய ஊக்கியளவிலும் செய்ய வேண்டும். 120 பாகையில் தட்டையாக இருந்த கலக்கி 180 பாகையில் போதாமல் போகும், ஏனென்றால் அங்கே தாக்கம் ஐதரசனைக் கூடுதல் விரைவாகத் தின்கிறது.

இரண்டாவது சரிபார்ப்பு: ஊக்கியளவை மாற்றி, தாக்கவீதத்தின் தலைகீழை ஊக்கியளவின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வரும். அது நிலைக்குத்து அச்சை வெட்டும் இடம்தான் வாயுக் கரைவின் தடை. அந்த வெட்டுத்துண்டு பூச்சியத்தை ஒட்டி இருந்தால் கலக்கி போதும்.

எந்த வேகத்திலும் தட்டையாகாவிட்டால், கலக்கித் தண்டு உட்குழிவானதா, மேலே உள்ள வாயுவை உள்ளிழுத்துக் கீழே விடக்கூடியதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகட்டின் உயரத்தை மாற்றுவதும், சுழி உண்டாகாமல் கலனின் சுவரில் தடுப்புத் தகடு வைப்பதும் உதவும். இதற்குப் பிறகும் போதாவிட்டால் ஊக்கியைக் குறைத்து, தாக்கத்தை அந்தக் கலனின் திறனுக்குள் கொண்டுவாருங்கள். மெதுவான தாக்கத்தின் நேர்மையான எண், வேகமான தாக்கத்தின் பொய் எண்ணைவிட எவ்வளவோ மேல்.

9. இப்போது வெப்பநிலை, அமுக்கம், ஊக்கியளவு

இந்த மூன்றும் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை ஒரே கேள்வியால் நினைவில் வைக்கலாம்: ஊக்கியின் மேற்பரப்பில் ஐதரசன் தாராளமாக இருக்கிறதா, பஞ்சமா?

பஞ்சமாக இருந்தால், ஒரு ஐதரசன் அணு ஏறிய கொழுப்பமிலம் இரண்டாவதற்குக் காத்திருக்கும். கிடைக்காவிட்டால் ஏறியதை விட்டுவிட்டு மறுபடி இரட்டைப் பிணைப்பாகும், பெரும்பாலும் டிரான்ஸ் வடிவத்தில், சிலவேளை சங்கிலியில் வேறு இடத்தில். அதே பஞ்சத்தில், மேற்பரப்பைக் கூடுதலாகப் பற்றிக்கொள்ளும் லினோலெயிக் அமிலம், ஒரே இரட்டைப் பிணைப்புள்ள ஒலெயிக்குக்கு முன்னால் தாக்கமடையும், அதாவது தெரிவுத்திறன் உயரும். வெப்பநிலையை ஏற்றுவது, ஊக்கியைக் கூட்டுவது, அமுக்கத்தைக் குறைப்பது, கலக்கியைக் குறைப்பது எல்லாம் பஞ்சத்தை நோக்கிப் போகும். எதிர்த்திசையில் போனால் டிரான்ஸ் குறையும், ஆனால் லினோலெயிக் தீருமுன்பே தியரிக் சேரத் தொடங்கும்.

நிக்கலுக்குத் தொடக்க எல்லையாக 120 - 180 பாகை, மானியில் 1 - 5 பார், நிக்கல் 0.02 - 0.1 வீதம் வையுங்கள். முழு ஐதரசனேற்றம்தான் இலக்கென்றால் தெரிவுத்திறனைப் பற்றிக் கவலையே வேண்டாம், உயர்ந்த அமுக்கமும் 180க்கு மேற்பட்ட வெப்பநிலையும் எடுத்து நேரத்தை மட்டும் பாருங்கள்.

10. ஓட்டங்களைத் திட்டமிடுதல்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் முறை கலக்கிக்குச் சரி, இங்கே சரிவராது. அமுக்கத்தின் விளைவு 120 பாகையில் ஒன்று, 180 பாகையில் வேறொன்று. மூன்று மாறிகளுக்கும் கீழ், மேல் என இரண்டு மட்டங்கள் வைத்தால் 8 ஓட்டம், மூன்றும் நடு அளவில் இருக்கும் நடுப்புள்ளியில் 3, மொத்தம் 11. நடுப்புள்ளிகளை முதலில், இடையில், கடைசியில் என்று பிரித்துப் போடுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் எண்ணெய் பழுதாகியிருக்கிறது அல்லது கலன் அழுக்காகியிருக்கிறது, மேலே போகாதீர்கள். மற்ற எட்டின் ஒழுங்கைத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். நடுப்புள்ளி அந்த எட்டு ஓட்டங்களின் சராசரியிலிருந்து விலகி நின்றால் மட்டும் வளைவைப் பிடிக்கக் கூடுதல் ஓட்டங்கள் தேவை.

எல்லா ஓட்டங்களையும் ஒரே நேரத்தில் நிறுத்தி ஒப்பிடுவது மிகப் பரவலான பிழை. 60 நிமிடத்தில் ஒன்று அயடீன் எண் 110 இலும் மற்றது 70 இலும் நிற்கும்போது அவற்றின் டிரான்ஸ் அளவை ஒப்பிட்டு என்ன பயன்? டிரான்ஸ் முதலில் ஏறி, நிரம்பல் கூடக் கூடப் பிறகு இறங்கும் பொருள். எல்லாவற்றையும் ஒரே அயடீன் எண்ணில், உதாரணமாக 90 இல், ஒப்பிடுங்கள். அங்கே போய்ச்சேர எடுத்த நேரம் ஒரு விளைவு, அங்கே இருந்த டிரான்ஸ் வீதம் இன்னொன்று, தியரிக் வீதம் மூன்றாவது. தொட்டியின் மானியை வைத்து ஓட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தலாம்.

நிறப்பகுப்பு முடிவிலிருந்தும் அயடீன் எண்ணைக் கணக்கிட்டு நியமிப்புடன் ஒப்பிடுங்கள்: ஒலெயிக் வகை வீதம் 0.860 ஆலும், லினோலெயிக் 1.732 ஆலும், லினோலெனிக் 2.616 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். இரண்டும் சில அலகுகளுக்கு மேல் விலகினால் மாதிரியில் ஊக்கி மிஞ்சியிருக்கிறதா, வைஸ் கரைசல் பழையதா என்று பாருங்கள்.

11. நிறுத்துதலும் வடித்தலும்

கலக்கியை நிறுத்தி, ஐதரசனை வெளியேற்றி, நைதரசனால் கழுவி, நைதரசனுக்குள்ளேயே 90 பாகைக்குக் குளிரவிட்ட பிறகுதான் கலனைத் திறக்கலாம். சூடான எண்ணெயில் காற்றுப் பட்டால் நிறமும் மணமும் உடனே போகும். முழுமையாக நிரம்பிய கொழுப்பு 70 பாகையை அண்டும்போதே உறையத் தொடங்குவதால், புனலையும் குடுவையையும் சூடாக்கி வைத்து 80க்குக் குறையாமல் வடியுங்கள். மிஞ்சும் நிக்கலுக்குச் சிறிது சித்திரிக் அமிலமும் வெளிற்றும் களியும் சேர்த்து இன்னொரு முறை வடித்தால் போதும்.

வடிதாளில் தங்கும் நிக்கலைக் குப்பைக் கூடையில் போட வேண்டாம். எண்ணெய் உலர்ந்ததும் அது தானாகவே சூடேறிப் பற்றக்கூடியது. மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் தண்ணீருக்குள் அமிழ்த்தி, பெயரும் திகதியும் எழுதி, இரசாயனக் கழிவோடு ஒப்படையுங்கள். நிக்கல் தூள் தோலில் ஒவ்வாமையைக் கொடுக்கும், மூச்சில் போனால் புற்றுநோய் ஆபத்து உண்டு, ஆகவே புது ஊக்கியைக் கையாளும்போதும் இந்த வேலையின்போதும் கையுறையும் முகமூடியும் கழற்றக் கூடாது.

12. கண்டுபிடித்த நிபந்தனையைச் சரிபார்த்தல்

கணக்கு சொல்லும் சிறந்த புள்ளியில் இதுவரை ஓட்டம் செய்திருக்க மாட்டீர்கள். அங்கே புது ஊக்கியுடன் மூன்று ஓட்டம் செய்து, எதிர்பார்த்த நேரமும் டிரான்ஸும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பிறகு இலுப்பெண்ணெய்க்கு மாறும்போது வெப்பநிலையிலிருந்து தொடங்க வேண்டாம். நான்காம் படிக்குப் போய் எண்ணெயைச் சுத்தமாக்கி, எட்டாம் படியின் கலக்கிச் சோதனையை மீண்டும் ஒரு தடவை செய்து, நடுப்புள்ளியில் ஒரு ஓட்டம் போடுங்கள். சூரியகாந்தியில் கிடைத்த தாக்கவீதத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் ஊக்கியைக் கூட்ட முன்பு எண்ணெயை இன்னொரு முறை களியில் போட்டு வடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு தாக்கவீதம் ஏறினால் தடையாக இருந்தது எண்ணெயில் மிஞ்சியிருந்த அழுக்குத்தான். ஏறாவிட்டால் ஊக்கியளவை 0.02 வீதப் படிகளாகக் கூட்டலாம்.